ஒருமுறை செய்து வைத்த கருவியால் எல்லா பிளானையும் அளக்க

காட்பாடியில் ஒரு மாடி வீடு ஆனாலும் ராணிப்பேட்டையில் ஒரு கொட்டகை ஆனாலும் பிளானில் அளந்து எடுப்பவை அதே ஐட்டங்கள்தான்: 9 அங்குலச் சுவர், 4½ அங்குலச் சுவர், தூண், கதவு ஜன்னலுக்காகச் சுவரில் கழிக்க வேண்டிய அளவு (கழிவு). இவற்றுக்கு ஒவ்வொரு முறையும் நிறமும் பெயரும் புதிதாகக் கொடுக்க வேண்டாம். பிடிஎஃப் பிளானில் அளவெடுக்கும் மென்பொருளான புளூபீம் ரெவ்யூவில், கருவிகளைச் சேமித்து வைக்கும் டூல் செஸ்ட்டில் ஒரு செட்டாகச் சேமித்து விடுங்கள்.

முதலில் டூல் செஸ்ட்டில் ‘மேனேஜ் டூல் செட்ஸ்’ போய்ப் புதிய செட் ஒன்றைத் தொடங்குங்கள். பிறகு ஒரு பிளானில், கோட்டின் மொத்த நீளத்தை அளக்கும் பாலிலெங்த் கருவியால் ஏதாவது ஒரு சுவரை வரையுங்கள். நிறம், கோட்டுத் தடிமன் வையுங்கள். ப்ராபர்ட்டீஸில் சப்ஜெக்ட் என்ற கட்டத்தில் ‘9 அங். சுவர், தரைத்தளம்’ என்று எழுதுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால், வரைந்தவை எல்லாம் வரிசையாக வரும் மார்க்அப் பட்டியலில் எல்லாச் சுவரும் ‘பாலிலெங்த்’ என்ற ஒரே பெயரில் கலந்து கிடக்கும். எது எந்தச் சுவர் என்று பிரிக்க வழியில்லை. எழுதிய பின் கோட்டில் வலது கிளிக் செய்து செட்டில் சேர்த்து விடுங்கள். தூணுக்கு எண்ணிக்கை எடுக்கும் கவுண்ட் கருவி, கழிவுக்குப் பரப்பை அளக்கும் ஏரியா கருவி.

செட்டில் உள்ள கருவியின் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் அதன் நிலை மாறும். ப்ராபர்ட்டீஸ் நிலையில் நிறமும் பெயரும் மட்டும் வரும், அளவை நீங்கள் வரைவீர்கள்; சுவருக்கு இதுவே வேண்டும். டிராயிங் நிலை வரைந்த உருவத்தையே அப்படியே நகலெடுக்கும். அது குறியீடுகளுக்குச் சரி. சுவருக்கு வைத்தால் பழைய வீட்டின் நீளம் புதிய பிளானில் வந்து உட்காரும்.

அளப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் கேலிபரேட் செய்யுங்கள், அதாவது தாளில் உள்ள ஒரு கோட்டின் நிஜ நீளத்தை மென்பொருளுக்குச் சொல்லுங்கள். தாளின் மூலையில் 1:100 என்று இருப்பதை நம்பி அப்படியே போடக் கூடாது. ஏ1 பிளானை ஏ3-க்குச் சுருக்கி அனுப்பியிருந்தால் 40 அடிச் சுவர் 20 அடி என்று காட்டும், பரப்பு கால்பங்காகிவிடும். அளவு எழுதியுள்ள நீளமான கோடு ஒன்றைப் பிடித்து அந்த எண்ணைக் கொடுங்கள். பிறகு குறுக்கே இன்னொரு அளவைச் சரிபாருங்கள். ஸ்கேன் செய்த பிளானில் கோட்டு முனையை மென்பொருள் தானாகப் பிடிக்காது. பெரிதாக்கிப் பார்த்துத்தான் புள்ளி வைக்க வேண்டும். ஒரே தாளில் விவரப்படம் வேறு ஸ்கேலில் இருந்தால் அந்தப் பகுதிக்குத் தனி வியூபோர்ட் (தனி ஸ்கேல் கொண்ட கட்டம்) போடுங்கள்.

மார்க்அப் பட்டியலைச் சப்ஜெக்ட் வாரியாக அடுக்கி சிஎஸ்வி கோப்பாக எடுத்தால் எக்செல்லில் திறக்கும். கணக்கு இப்படி: 40 அடி நீளம், 10 அடி உயரம், 0.75 அடி தடிமன், ஆக 300 கன அடி. கழிவையும் அதே தடிமனால் பெருக்கி, 3½ க்கு 7 அடி கதவுக்கு 18.4, 4 க்கு 4 அடி ஜன்னலுக்கு 12 கழித்தால் மீதி 269.6 கன அடி.

செட்டை பிடிஎக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து உடன் வேலை செய்பவருக்குக் கொடுக்கலாம். ஆனால் ஆளுக்கொரு நகல் இருந்தால் ஒருவர் ‘9 அங். சுவர்’ என்றும் மற்றவர் ‘9" சுவர்’ என்றும் மாற்றி விடுவார், பட்டியலில் அவை இரண்டு ஐட்டமாக நிற்கும். பெயர் மாற்றும் பொறுப்பை ஒருவரிடமே விடுங்கள்.