குழந்தைக்குக் கடும் அலர்ஜி: காரணம் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசி போட்டு, ஒரு ராத்திரி அங்கேயே வைத்திருந்து வீடு திரும்பினால், வாசலிலேயே காத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு: "அப்படி என்னத்தைக் கொடுத்தே?" பெரும்பாலும் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்பார்கள். கேள்வி சரி, தொனிதான் தப்பு. குற்றவாளியைப் பிடிப்பதுபோலக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தாத்தா கொடுத்த அரை எள்ளுருண்டையும், பக்கத்து வீட்டு அக்கா ஊட்டிய ஒரு வாய் கேக்கும், மதியம் காய்ச்சலுக்கு ஊற்றிய சிரப்பும் வெளியே வராமலே போய்விடும். அனாபிலாக்சிஸ் எனப்படும் இந்தக் கடும் ஒவ்வாமையில் காரணத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய ஓரிரண்டு மணி நேரக் கதைதான். அந்தக் கதை கலைந்துபோனால் எத்தனை ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனையும் கைகொடுக்காது.

அதனால் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷத்தில் ஆரம்பித்தது, முதலில் வந்தது தடிப்பா, வாந்தியா, இருமலா. சாப்பாடு மட்டும் போதாது. மாத்திரை, சிரப், பூச்சிக்கடி, ஓடியாடியது, காய்ச்சல், ஊதிய பலூன் எல்லாம் வேண்டும். பலூனை ஏன் கேட்கிறார்கள் என்றால், லேடெக்ஸ் ரப்பர் ஆகாத குழந்தைகளும் உண்டு. பிஸ்கெட், சாக்லேட் உறைகளைக் குப்பையில் போடாதீர்கள். தடிப்பு சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் மறைந்துவிடும், செல்போனில் படம் எடுத்துவையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அலர்ஜி' என்று ஒற்றைச் சொல்லோடு முடித்திருந்தால், ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டது என்பதையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். ஒரு மாதம் கழித்து அலர்ஜி டாக்டர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

அடுத்த தவறு, கடிகாரத்தைப் பார்க்காமல் பழி போடுவது. உணவால் வரும் உடனடி ஒவ்வாமை சில நிமிஷங்களிலோ, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள்ளோ தொடங்கிவிடும். முந்தாநாள் கல்யாணத்தில் சாப்பிட்டது இன்றைக்கு வந்து மூச்சை அடைக்காது. நம் ஊரில் உடனே கத்தரிக்காய், கருவாடு, நண்டு என்று கரப்பான் பண்டங்களை அடுக்கிவிடுவார்கள். நண்டு, இறால் மேல் விழும் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் குழந்தைகளிடம் அதிகம் தொல்லை தரும் பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, முந்திரி பக்கம் யார் கண்ணும் போவதில்லை.

இரண்டு மணி நேரக் கணக்குக்கு விதிவிலக்கும் உண்டு. சில கைக்குழந்தைகளுக்கு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பத் திரும்ப வாந்தி வரும். முகம் வெளுத்து, உடம்பு துவண்டுவிடும், தோலில் ஒரு தடிப்பும் இருக்காது. இது குடலில் நடக்கும் வேறு வகை ஒவ்வாமை, தோல் பரிசோதனையில் அகப்படாது. பாலோடு, ஒன்றுமே செய்யாது என்று நாம் நம்பிக் கொடுக்கும் அரிசிக் கஞ்சியும் இதற்குக் காரணமாகலாம்.

"இத்தனை நாளா சாப்பிட்டதுதானே, அதுவா இருக்காது" என்று ஒரு பொருளை விடுவித்துவிடுவது இன்னொன்று. என்னைக் கேட்டால், அதிகம் ஏமாற்றுவது இந்த வாதம்தான். பல வருஷம் ஒன்றும் செய்யாத பொருள் திடீரென்று ஒவ்வாமல் போகலாம். சில சமயம் பொருள் மட்டும் தனியாக ஒன்றும் செய்யாது, அதற்கு ஒரு துணை வேண்டும். பெரிய பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம்: காலையில் இரண்டு சப்பாத்தி, முதல் பீரியடே பி.டி., மைதானத்தில் ஓடும்போது உடம்பு தடித்து மயங்கி விழுகிறான். ராத்திரி அதே சப்பாத்தியைத் தின்றுவிட்டுப் படுத்தால் ஒன்றும் இல்லை. வீட்டில் வெயிலைக் குறை சொல்வார்கள், பள்ளியில் பையன் சாப்பிடாமல் வந்திருப்பான் என்பார்கள். கோதுமையும் ஓட்டமும் சேர்ந்தால் மட்டும் வரும் ஒவ்வாமை இது. சாதாரண கோதுமைப் பரிசோதனையில் தப்பிவிடக்கூடும், ஒமேகா-5 கிளையடின் என்ற கோதுமைப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். ஓட்டத்தின் இடத்தில் காய்ச்சலோ, அதற்குக் கொடுத்த ஐபுப்ரோஃபெனோ துணையாக வந்துசேரலாம்.

எனக்கு மிகவும் வியப்பான வழக்கு மாவுடையது. ஏற்கெனவே தூசி அலர்ஜி, வீசிங் உள்ள குழந்தை. மழைக்காலத்தில் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்த மாவு பாக்கெட். சில வாரம் கழித்து அதில் போண்டாவோ பஜ்ஜியோ போட்டுக் கொடுத்தால் சிறிது நேரத்தில் முகம் வீங்கி மூச்சு இழுக்கிறது. கோதுமைக்கும் கடலைப்பருப்புக்கும் சோதித்தால் இல்லை என்று வருகிறது, புது பாக்கெட் மாவில் செய்தால் ஒன்றும் ஆவதில்லை. காரணம் அந்த மாவில் பெருகிய, கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள். சலித்தால் போகும் வண்டு இல்லை இது. கொதிக்கும் எண்ணெயில் உண்ணி செத்தாலும் அதன் புரதம் வீரியம் இழப்பதில்லை. புழுக்கமான நாடுகளில் இது அதிகம் பதிவாகியிருக்கிறது, 'பான்கேக் சிண்ட்ரோம்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பிரித்த மாவை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

மீனிலும் ஒரு பொறி இருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜியின்போது நம் உடம்பே வெளியிடும் அதே ரசாயனம் சேர்ந்துவிடும். சமைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தடித்து, அசல் அலர்ஜி மாதிரியே தெரியும். அதே மீனைச் சாப்பிட்ட இன்னொருவருக்கும் முகம் சிவந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஆமென்றால் சந்தேகம் மீனின் பதத்தின் மேல் போக வேண்டும், குழந்தைக்கு மீனையே ஆயுளுக்கும் நிறுத்துவதற்கு முன்னால்.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். காசும் நிம்மதியும் அதிகம் கரைவது இங்கேதான். கதையை யாரிடமும் சொல்லாமல் நேரே லேபுக்குப் போய் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு 'ஃபுல் அலர்ஜி பேனல்' எடுப்பது இப்போது சகஜமாகிவிட்டது. ரிப்போர்ட்டில் பத்துப் பதினைந்து சிவப்பு வரிகள் வரும். அதில் பாதியைக் குழந்தை தினமும் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கும். பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளுக்கு ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை உண்டாக்கியிருக்கிறது என்பது மட்டும்தான், அதைச் சாப்பிட்டால் ஆபத்து என்று தீர்ப்பு இல்லை. எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அலர்ஜியாக இருக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் வரப்போகும் தாக்குதல் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. ஐஜிஜி என்ற பெயரில் விற்கும் 'உணவு ஒவ்வாமை' பரிசோதனை இன்னும் மோசம். குழந்தை அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறது என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்வதில்லை. அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் அதை வேண்டாம் என்றே சொல்லிவருகின்றன.

தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு முன் செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை டாக்டர் சொன்னபடி சுமார் ஒரு வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு அது தேவையில்லை. கடும் தாக்குதல் முடிந்த கையோடு தோல் பரிசோதனை செய்தால் பொய்யாக நெகட்டிவ் வரலாம், அதனால் வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். சந்தேகம் தீராவிட்டால் கடைசி வழி, அந்த உணவை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கொடுத்துப் பார்ப்பது. அது ஆஸ்பத்திரியில், அட்ரினலின் பக்கத்தில் தயாராக இருக்கும்போது மட்டும் நடக்க வேண்டிய காரியம். "நாக்குல லேசா தடவித்தான் பார்ப்போமே" என்று மாமாவோ சித்தியோ வீட்டில் ஆரம்பித்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

பேனலைப் பார்த்துப் பயந்து பால், முட்டை, கோதுமை, பருப்பு என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துவதும் தீங்குதான். எடை குறையும் என்பது ஒரு பக்கம். கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்) உள்ள குழந்தைகள் ஒழுங்காகச் சாப்பிட்டுவந்த பாலை ரிப்போர்ட்டை மட்டும் நம்பி மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தபோது, முன்பு இல்லாத கடும் ஒவ்வாமை வந்ததுண்டு. உடம்பு பழக்கத்தாலும் ஒரு உணவை ஏற்றுக்கொள்கிறது. 2015-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளில், நிலக்கடலையைச் சீக்கிரமே கொடுத்துப் பழக்கிய பிள்ளைகளிடம் கடலை அலர்ஜி மிகக் குறைவாக இருந்தது. எதை நிறுத்துவது என்பதைக் கதையும் பரிசோதனையும் ஒத்துப்போன பிறகு முடிவு செய்யுங்கள்.

அப்படி ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு அதை அரைகுறையாகத் தவிர்க்கக் கூடாது. பசும்பால் ஆகாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுப்பது பழைய யோசனை, ஆனால் இரண்டின் புரதங்களும் அவ்வளவு ஒத்தவை என்பதால் பெரும்பாலோருக்கு அதுவும் ஆகாது. கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ஹோட்டல் குருமாவைக் கெட்டியாக்குவது பல இடங்களில் முந்திரி விழுதுதான். சுத்திகரித்த கடலை எண்ணெயை விடச் செக்கு எண்ணெயில் கடலைப் புரதம் கூடுதலாக மிஞ்சியிருக்கும். பாக்கெட் உணவில் கடலை, பால், முட்டை, மீன், சோயா போன்றவற்றை அலர்ஜிப் பொருள்களாகத் தனியே குறிப்பிடச் சொல்லும் 2020 எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிகளின் பட்டியலில் எள் இல்லை. எள் ஆகாத பிள்ளை என்றால் முழு மூலப்பொருள் பட்டியலையும் படித்தாக வேண்டும்.

காரணம் தெரியும்வரை மருந்து விஷயத்தில் சும்மா இருப்பதுதான் இவற்றில் உயிருக்கே உலை வைக்கும் தவறு. அனாபிலாக்சிஸுக்கு முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின். ஏவில் போன்ற அலர்ஜி ஊசியோ, ஸ்டீராய்டு ஊசியோ அதற்கு மாற்று ஆகாது. குழந்தையின் எடைக்கு எவ்வளவு, யார் போடுவது, வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டில் உள்ளதுபோல அழுத்தினால் போட்டுக்கொள்ளும் பேனா இங்கே எளிதில் கிடைப்பதில்லை, ஆகவே ஆம்பூல் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் எடுக்கும் முறையை அங்கேயே செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். மறுபடி தாக்குதல் வந்தால் குழந்தையை எழுப்பி நடக்கவைக்காமல் படுக்கவையுங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளின் ஒரு நகல் வகுப்பு டீச்சரிடமும் ஸ்கூல் வேன் டிரைவரிடமும் இருக்கட்டும்.