'சிறு நகரத்து வசந்தம்' படத்தைப் பார்க்கும் விதம்

ஃபெய் மூ 1948-ல் இயக்கிய இந்தச் சீனப் படத்தை முதல் முறை அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். நோயாளிக் கணவன், வாய் திறந்து பேசாத மனைவி, திடீரென வந்து நிற்கும் பழைய காதலன். கதை எங்கே போகும் என்று தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது முறைதான் பிடிபட்டது. இதில் கதையின் பின்னால் ஓடக் கூடாது. யார் யாருக்கு எத்தனை அடி தள்ளி நிற்கிறார்கள், கைகள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

படம் சுமார் ஒன்றரை மணி நேரம். ஒரே மூச்சில் பாருங்கள். சீனத் திரைப்பட ஆவணக் காப்பகம் புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதுவே நல்லது, பழைய பிரதிகளில் ஒலி கரகரக்கும். மொத்தமே ஐந்து பேர்தான்: மனைவி யூவென், கணவன் லீயான், அவனுடைய தங்கை ஷியு, வேலைக்காரர் ஹுவாங், விருந்தாளியாக வரும் அந்தப் பழைய காதலன் டாக்டர் ஜிச்சென். ஜப்பானுடனான போர் முடிந்து சில காலமே ஆகியிருக்கிறது. வீடு பாதி இடிந்து கிடக்கிறது. நகரத்து மதிலும் அப்படித்தான்.

யூவென்னின் பின்னணிக் குரலை விட்டுவிடாதீர்கள். காய்கறிக் கூடையோடு மதில்மேல் நடந்தபடி தன் கதையைச் சொல்கிறாள். ஜிச்சென் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருவதையும் அவள்தான் சொல்கிறாள். அவளோ அவனை இன்னும் பார்க்கவே இல்லை! இது பிழை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் நடந்து முடிந்தபின், மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறவளின் குரல் அது என்றே நான் கேட்கிறேன். அப்புறம், பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு காட்சி கரைந்து அதே இடத்தில் இன்னொன்று தெளியும். நேரம் ஓடிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். பேச முடியாமல் விட்ட இடைவெளிதான் அப்படிக் கரைகிறது.

ஷியுவின் பதினாறாவது பிறந்தநாள் வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள். அன்று எல்லாரும் மது குடிக்கிறார்கள். யூவென் சிரிப்பதைக் கணவன் பார்க்கிறான், அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அந்த இரவில் அவள் ஜிச்சென்னின் அறைக்குப் போகிறாள். அவன் அவளைத் தூக்குகிறான், உடனே இறக்கிவிடுகிறான், வெளியே போய்க் கதவைப் பூட்டிவிடுகிறான். அவள் கண்ணாடியை உடைக்கிறாள், கை கிழிகிறது. அவன் கட்டுப் போடுகிறான். அந்தக் கட்டுப் போடும் விரல்களைப் பார்த்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். யூவென்னாக நடித்த வெய் வெய் கண்ணைத் தாழ்த்தும் அழகுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

லீயானை வில்லனாக்கிவிடாதீர்கள், அதுதான் பலரும் செய்யும் தவறு. அவன் நல்லவன். அதனால்தான் மற்ற இருவராலும் நகர முடியவில்லை. ஜிச்சென்னுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுக்கலாமா என்று அவன் மனைவியிடமே கேட்கும் காட்சியில் அவள் முகத்தை மட்டும் பாருங்கள்.

2002-ல் தியன் ஜுவாங்ஜுவாங் இதை வண்ணத்தில் மறுபடி எடுத்தார். அதில் யூவென்னின் பின்னணிக் குரல் கிடையாது. பழையதை முடித்துவிட்டே அதற்குப் போங்கள்.

படம் முடிந்ததும் மூடிவிடாமல் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். ஊரை விட்டு வெளியே மூன்று பேர் நடந்து போகிறார்கள். முதல் தடவை அவர்கள் யாரென்றே தெரிந்திருக்காது. இப்போது தெரியும். அந்த வழியனுப்பலில் யார் இல்லை என்பதும் தெரியும்.