ஈறு பராமரிப்பும் இதய நலமும்: தொடங்குபவர்களுக்கான செய்முறை

பல் துலக்கித் துப்பும் நுரையில் சிவப்புக் கீற்று ஒன்று தெரிந்தால், பெரும்பாலோர் "பிரஷ் குத்திவிட்டது" என்று நினைத்து வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆரோக்கியமான ஈறு அவ்வளவு எளிதில் கசிவதில்லை. அடிக்கடி ரத்தம் வருகிறதென்றால் அங்கே அழற்சி இருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். அந்த அழற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பையும், அதைத் தணிக்க வீட்டில் செய்ய வேண்டியவற்றையும் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் தொடர்பு எத்தகையது என்பதில் தெளிவு வேண்டும். மாரடைப்புக்கு உள்ளானவர்களின் பற்கள், மற்றவர்களின் பற்களைவிட மோசமான நிலையில் இருந்ததாகப் பின்லாந்து ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்டதிலிருந்து இந்தக் கேள்வி தீவிரமாக ஆராயப்பட்டு வருகிறது. ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகும்போது உண்டாகும் பள்ளத்தின் உட்சுவர் புண்ணாகிவிடுவதால், மெல்லும்போதுகூட வாய்க் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. தமனிகளில் படியும் கொழுப்புத் திட்டுகளில் இக்கிருமிகளின் மரபணுத் தடயங்கள் கிடைத்துள்ளன. இதைத் தவிர, ஈறில் நீடிக்கும் அழற்சி உடல் முழுவதும் அழற்சிப் பொருள்களின் அளவைக் கூட்டுகிறது.

ஆனாலும், 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கை நிதானமாகவே பேசியது: புகைபிடித்தல் போன்ற பொதுவான காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும் தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறு நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே, பல் துலக்கினால் மாரடைப்பு வராது என்று உறுதி கூறும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் எடுத்துக்கொள்ளும் மருந்தின் இடத்தைப் பற்பசை பிடிக்க முடியாது.

முதல் படி: ஈறைப் பார்த்துப் பழகுங்கள்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டை விரலால் விலக்கிப் பல்லும் ஈறும் சேரும் விளிம்பைப் பாருங்கள். நல்ல ஈறு உறுதியாக, மெல்லிய விளிம்போடு பல்லை ஒட்டி இருக்கும். பழுப்பாகவோ கருமையாகவோ இருப்பது சிலருக்கு இயற்கையான நிறமே. விளிம்பு சிவந்து, தடித்து, பளபளப்பாகத் தெரிந்தாலும், பல் முன்பைவிட நீளமாகத் தோன்றினாலும், ஆடினாலும், வாய் நாற்றம் விடாமல் இருந்தாலும் கவனிக்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு ஈறின் ரத்த ஓட்டம் குறைவதால் நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் கசியாமல் இருக்கலாம். அதை நல்ல அறிகுறி என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாம் படி: விளிம்பைத் துலக்குங்கள்

மென்மையான நார் கொண்ட பிரஷைப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் 45 பாகைச் சாய்வில் வைத்து, பாதி நார் பல்லிலும் பாதி ஈறின் விளிம்பிலும் படுமாறு, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பற்களாகச் சிறு அசைவுகளில் துலக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் நார் வளைந்து விளிம்பைத் தாண்டிவிடும். பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலம் அகலாமல் அங்கேயே இருக்கும். ஃபுளோரைடு கலந்த பற்பசையுடன் நாளுக்கு 2 முறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் துலக்குங்கள். கீழ் முன்பற்களின் உட்பக்கமும் கடைவாய்ப்பற்களின் பின்பக்கமும் பலர் தவறவிடும் இடங்கள் என்பதால் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவது நிலைமையை மோசமாக்கும். 1965இல் டென்மார்க்கில் நடந்த ஒரு பரிசோதனையில், நல்ல ஈறு உடையவர்கள் பல் துலக்குவதை நிறுத்தியதும் 3 வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. தொடக்க நிலை அழற்சி இப்படித் திரும்பக்கூடியதே.

மூன்றாம் படி: இடுக்குகள்

பிரஷ் நுழையாத இடுக்குகளை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். நெருக்கமான பற்களுக்கு ஃபிளாஸ் நூலும், இடைவெளி உள்ளவற்றுக்கு இடுக்குப் பிரஷும் ஏற்றவை. நூலைப் பல்லின் பக்கவாட்டில் வளைத்து ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். மவுத்வாஷ் இதற்கு மாற்றாகாது.

நான்காம் படி: பல் மருத்துவர்

படலம் இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷால் அதை அகற்ற முடியாது, மருத்துவர் கருவியால் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் தேவை. மருத்துவர் மெல்லிய அளவுகோலால் ஈறுப் பள்ளத்தை அளப்பார்: 3 மில்லிமீட்டர் வரை பொதுவாக இயல்பு, அதற்கு மேல் போனால் சிகிச்சையை எண்ண வேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. உண்மையில், எலும்பு கரைந்து முன்பே பிடிப்பிழந்த பல்லைக் காரை தாங்கிக்கொண்டிருக்கிறது. அது நீங்கியதும் உண்மை நிலை வெளிப்படுகிறது.

ஐந்தாம் படி: இதய நோயாளிகள் மறைக்கக் கூடாதவை

செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பு இதய உட்சுவரில் கிருமித் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள் ஆகியோருக்குப் பல் பிடுங்குதல் போன்ற சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படலாம். எல்லா இதய நோயாளிகளுக்கும் இது வேண்டியதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை, பல் சிகிச்சை இருக்கிறது என்பதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழல் பொருத்தியவர்களுக்கு அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும் என்பதால், மருந்துச் சீட்டு முழுவதையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகையிலையை விடுவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் ஈறுக்கும் இதயத்துக்கும் ஒருசேர உதவும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கீழ்த்தாடை வலி எல்லாமே பல் வலி அல்ல. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வந்து, ஓய்வெடுத்தால் குறைந்தால் தாமதிக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள். மார்பு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு வந்தாலோ, ஓய்விலும் நீடித்தாலோ பல் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர ஊர்தியை அழையுங்கள்.