செவிலியரிடையே பாகுபாட்டை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உங்கள் மருத்துவமனையில் பாகுபாடு இருக்கிறதா?" என்று ஒரே கேள்வி கேட்டு, ஆம், இல்லை எனக் கட்டம் போட்டுக் கொடுத்தால் பலரும் 'இல்லை' என்றே டிக் செய்வார்கள். வேலை செய்யும் இடத்தின் மீது அவ்வளவு பெரிய குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்க யாருக்குத்தான் தயக்கம் இருக்காது? அமெரிக்காவில் சமூகவியலாளர் டேவிட் வில்லியம்ஸும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட அன்றாடப் பாகுபாட்டு அளவுகோல் வேறு வழியில் போகிறது. மற்றவர்களைவிட மரியாதைக் குறைவாக நடத்துகிறார்களா, அறிவில் குறைந்தவராக நினைக்கிறார்களா என்பது போன்ற 9 நிகழ்வுகளைச் சொல்லி, எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று மட்டும் கேட்கிறது. காரணம் கேட்பது அதற்குப் பிறகுதான்.

அந்தப் படிவத்தை அப்படியே நகலெடுப்பதும் தவறு. அதன் காரணப் பட்டியலில் இனம், பாலினம், வயது, மதம், உடல் எடைகூட உண்டு, சாதி இல்லை. தமிழ்நாட்டில் சாதியையும், நிரந்தரப் பணியா தொகுப்பூதியமா என்பதையும் விட்டுவிட்டு எதை அளக்கப் போகிறோம்?

எனக்கு மிகவும் கோபம் தருவது ரகசியத்தின் பெயரால் நடக்கும் அலட்சியம். டூட்டி போடுகிற நர்சிங் சூப்பரிண்டெண்டே படிவத்தைக் கொடுத்து, அவரே திரும்ப வாங்கினால் உண்மை எப்படி வரும்? பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வார்டு, வயது, பாலினம், சமூகம், பணிக்காலம் அத்தனையும் கேட்கிறார்கள். டயாலிசிஸ் பிரிவில் ஆண் செவிலியர் ஒருவர்தான் என்றால், அவர் பெயரை எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை நடத்தும் ஊழியர் கணக்கெடுப்பில், மிகச் சிலரே பதிலளித்த பிரிவின் முடிவை வெளியிடுவதில்லை.

அந்தக் கணக்கெடுப்பில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. நோயாளிகள், உறவினர்களிடமிருந்து வரும் பாகுபாட்டைத் தனியாகவும், மேலதிகாரி, சக ஊழியர்களிடமிருந்து வருவதைத் தனியாகவும் கேட்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால், நிர்வாகம் பழி முழுவதையும் நோயாளிகள் மீது போட்டுவிடும்.

படிவத்தோடு நின்றுவிடவும் கூடாது. இங்கிலாந்தின் அதே சுகாதாரச் சேவையில் 2015இல் கொண்டுவந்த இனச் சமத்துவத் தர அளவீட்டில் 9 குறியீடுகள். கருத்துக்கணிப்பிலிருந்து வருபவை 4 மட்டுமே. யார் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்கிறது, நேர்காணலுக்குத் தேர்வானவர்களில் யாருக்கு வேலை கிடைக்கிறது போன்றவை பதிவேடுகளிலிருந்து வருகின்றன. நம் மருத்துவமனைகளிலும் டூட்டி பட்டியல் இருக்கிறது. நைட் டூட்டி யாருக்குத் தொடர்ந்து விழுகிறது, பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் யாருடைய விடுப்பு மறுக்கப்படுகிறது என்று ஆறு மாதப் பட்டியலைப் புரட்டினாலே தெரியும்.

எண்ணும்போது வீதம் பார்க்க வேண்டும். நிரந்தரச் செவிலியர் 200 பேரில் 10 பேருக்கும், தொகுப்பூதியச் செவிலியர் 40 பேரில் 6 பேருக்கும் மெமோ கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஆறு என்பது பத்தைவிடக் குறைவுதான். ஆனால் 5 சதவீதம் ஒரு பக்கம், 15 சதவீதம் மறுபக்கம்.

பணியில் இருப்பவர்களை மட்டும் கேட்டு முடிப்பவர்கள், அவமானம் தாங்காமல் விலகியவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கடந்த ஓராண்டில் வேலையை விட்டவர்களிடமும், மருத்துவமனையைச் சாராத ஒருவரைக் கொண்டு, அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.