நத்தாருக்கு இஞ்சி பியர்: போத்தல் வெடிக்காமல் இருக்க

ஐப்பசி பிறந்தால் ரொறன்ரோவிலிருந்து மச்சானின் வாட்ஸ்அப் வரத் தொடங்கிவிடும். பேஸ்மென்ட்டில் கறுப்பு ஸ்டவுட் பியர் ஊறப்போட்டிருக்கிறான், பனி கொட்டும் நேரத்துக்கு அது பதத்துக்கு வந்துவிடும், தைப்பொங்கலுக்கு இன்னொன்று என்று குளிர்காலம் முழுவதற்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். கடைசியில் எப்போதும் ஒரு கேள்வி: "நீ அங்கே என்ன போட்டிருக்கிறாய்?"

கனடாவில் வீட்டுப் பாவனைக்குப் பியர் செய்யலாம். இங்கே, இலங்கையில், முடியாது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். ஆகவே வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடிக் குசினியில் நான் போடுவது இஞ்சி பியர். நத்தாருக்கு இரண்டு மூன்று நாள் முன்பு செய்து, நுரை வந்த உடனே குளிரில் வைத்து, அந்த வாரத்திலேயே குடித்து முடிக்கிற பானம். பெயரில்தான் பியர். ஆனால் கவனமில்லாமல் விட்டால் அதுவும் உண்மையான பியராகிவிடும், அதற்கு முன்பே போத்தலையும் உடைத்துவிடும். ஏழெட்டு வருடமாகச் செய்கிறேன். பிழைகளில் பெரும்பாலானவற்றை நானே செய்துதான் கற்றேன்.

எல்லாவற்றுக்கும் தாய்ப் பிழை ஒன்று உண்டு. யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி "அறை வெப்பநிலையில் ஒரு கிழமை வையுங்கள்" என்பார். யாருடைய அறை? அவருடைய அறை ஐப்பசியில் 18 பாகை. என் குசினி மழை பெய்தாலும் 28, அடுப்பு எரிந்தால் 31. பத்துப் பாகை கூடும்போது ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அவருடைய ஏழு நாள் இங்கே மூன்று, மூன்றரை நாள்தான். பாண் செய்யும் ஈஸ்ட் போட்டால், எனக்குப் பதினெட்டு மணித்தியாலத்திலேயே உள்ளே வாயு நிறைந்து போத்தல் கல்லுப் போல இறுகிவிட்டிருக்கிறது. ஒக்டோபர், நவம்பர் கொழும்பில் நன்றாக மழை பெய்கிற மாதங்கள். மழை என்றதும் குளிர் என்று மனம் நினைத்துவிடுகிறது. தெர்மாமீட்டர் அப்படி நினைப்பதில்லை.

அதனால் இங்கே நாளை எண்ணாதீர்கள், போத்தலை அமுக்கிப் பாருங்கள். கணக்கைச் சொன்னால் ஏன் என்று விளங்கும். ஒரு லீற்றர் இஞ்சி பியருக்கு நாம் போடுவது சுமார் 100 கிராம் சீனி. கடைச் சோடா அளவுக்கு நுரை வர, அதில் சுமார் பதினைந்து கிராமை ஈஸ்ட் தின்றால் போதும். மீதி 85 கிராம் நம் நாக்குக்கு. ஆனால் அது நமக்கென்று ஈஸ்ட்டுக்கு யார் சொல்வது? அது பாட்டுக்குத் தின்றுகொண்டே போகும். பதினைந்து கிராம் தின்றபோது மதுசாரம் ஒரு சதவீதத்துக்குக் கிட்ட இருக்கும். நூறையும் தின்று முடித்தால் ஆறு சதவீதத்தைத் தாண்டும். இது மச்சானின் ஸ்டவுட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். வாயுவோ சோடாவைப் போல ஆறேழு மடங்கு. சட்டம் கதவைத் தட்டுவதற்கு முன்பே போத்தல் பதில் சொல்லிவிடும்.

என் வீட்டில் அது 2022 பங்குனியில் நடந்தது. தைப்பொங்கலுக்குச் செய்ததில் இரண்டு போத்தல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மறந்துபோய்க் கிடந்தன. அவற்றில் ஒன்று கண்ணாடி. தட்டையான பழைய சாராயப் போத்தல், வடிவாக இருக்கிறது என்று நான்தான் எடுத்து வைத்தேன். மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது குசினிக்குள் ஒரு சத்தம். முதலில் காஸ் சிலிண்டர் என்றுதான் நினைத்தோம், வீடுகளில் காஸ் வெடித்த செய்திகள் வந்த காலம் அது, வேறென்ன நினைப்போம்? ஓடிப்போய்ப் பார்த்தால் ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடக்கிறது, முட்டைத்தட்டில் இருந்த பத்து முட்டையிலும் கண்ணாடித் துண்டு. வெடித்த நேரம் கதவு மூடியிருந்ததால் எவருக்கும் காயமில்லை. அக்கா இன்றைக்கும் அந்த முட்டைகளுக்குக் கணக்குக் கேட்பாள்.

அந்த ஒரு சத்தத்தில் மூன்று பிழை இருந்தது. முதலாவது, குளிர் ஈஸ்ட்டைக் கொல்லும் என்று நான் நம்பியது. கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் நின்றால் எழும்பிவிடும். இரண்டாவது, வைத்திருந்து குடிக்கலாம் என்ற எண்ணம். இது வைன் இல்லை. ஒரு கிழமை, கூடினால் பத்து நாள், அதோடு சரி. மூன்றாவதும் பெரியதும் போத்தல்.

கண்ணாடி வேண்டவே வேண்டாம். சாராயப் போத்தல், சோஸ் போத்தல், ஜாம் போத்தல் எதுவும் உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவையல்ல. தட்டைப் பக்கம் உள்ளவை இன்னும் மோசம். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலை எடுங்கள். அடியைத் திருப்பிப் பார்த்தால் பூவிதழ் போல ஐந்து கால் இருக்கும், அழுத்தத்தைத் தாங்கத்தான் அந்த வடிவம். தண்ணீர் வந்த மெல்லிய போத்தல் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேலைக்கு ஆகாது. பிளாஸ்டிக்கின் இன்னொரு நன்மை, விரலால் அமுக்கிப் பார்க்கலாம். ஊற்றி மூடியதும் போத்தல் குழையும். கடையில் வாங்கிய திறக்காத சோடாப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை, மத்தியானம், இரவு என்று இரண்டையும் மாறி மாறி அமுக்குங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கல்லாக இருக்கிறதா, அந்த நிமிடமே ஃபிரிட்ஜுக்குள். இரவு பன்னிரண்டு மணியானாலும் எழும்பி வையுங்கள். கழுத்தில் இரண்டு அங்குலம் வெற்றிடம் விடவும் மறக்க வேண்டாம். போத்தலைக் கழுவும்போது கொதிதண்ணீர் ஊற்றினால் அது சுருங்கிக் கோணலாகும். சூடான சவர்க்காரத் தண்ணீர், பிறகு நன்றாக அலசல், போதும்.

இனி இஞ்சி. பேலியகொடைச் சந்தையிலும் வெள்ளவத்தை மார்க்கெட்டிலும் பெரிதாக, வழவழப்பாக, தோல் மினுங்கிக் கிடக்கிற சீன இஞ்சியைப் பார்த்துக் கை தானாகப் போகும். உரிக்க லேசு, துருவ லேசு, காரம்தான் இல்லை. விரல் விரலாய் நார் ஓடிக் கிடக்கிற நாட்டு இஞ்சியைக் கேட்டு வாங்குங்கள். விலை கூட, ஆனால் பாதி அளவு போதும். இரண்டு லீற்றருக்கு நான் 150 கிராம் போடுவேன். அதைத் தட்டி, ஒரு துண்டுக் கறுவா, நாலு கராம்போடு இருபது நிமிடம் அவித்தால் போதும். ஒரு மணித்தியாலம் கொதிக்க விட்டால் குசினி மணக்கும், போத்தல் மணக்காது. தேசிக்காய்ச் சாறும் அப்படித்தான், அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகே பிழிய வேண்டும். அலுமினியச் சட்டியில் புளிப்பை ஊற வைக்காதீர்கள், சில்வர் சட்டிதான் நல்லது.

சீனிக்குப் பதிலாக முழுக்கப் பனங்கட்டி போட்டுப் பார்த்தேன். மச்சானின் ஸ்டவுட்டுக்கு இதுதான் என் பதில் என்று நினைப்பு. நிறம் அசல் ஸ்டவுட். ருசி உப்புக் கலந்த கசாயம். பாதிக்குப் பாதி போட்டால் அருமையாக வருகிறது.

ஈஸ்ட் சேர்க்கும் கட்டத்தில்தான் அவசரக்காரர்கள் மாட்டுவார்கள். மூன்று லீற்றர் கொதித்த தண்ணீர், மூடியோடு, இந்த வெக்கையில் ஆற நாலு மணித்தியாலம்கூட எடுக்கும். மேலே ஆவி பறக்கவில்லை என்று ஈஸ்ட்டைக் கொட்டினால், நடுவில் 50 பாகைக்கு மேல் இருக்கும், செத்துவிடும். சட்டியைப் பேசினில் தண்ணீருக்குள் வைத்து ஆற்றுங்கள். மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், பிள்ளைக்குப் பால் பார்ப்பது போல. சூடு தெரியக்கூடாது. இரண்டு லீற்றருக்கு எட்டில் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். "கொஞ்சம் கூடினால் கெதியாக வருமே" என்று முழுத் தேக்கரண்டி போட்டால் கெதியாகத்தான் வரும், பாண் வாசத்தோடு.

கடை ஈஸ்ட் வேண்டாம், இஞ்சியிலேயே இருக்கிறதை வளர்க்கலாம் என்பவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் விருப்பம். இஞ்சித் தோலில் ஈஸ்ட்டும் பக்டீரியாவும் இயல்பாகவே குடியிருக்கின்றன. ஒரு கோப்பைத் தண்ணீரில் தினமும் ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி சீனி போட்டுக் கலக்கிவந்தால், கொழும்பில் மூன்றாம் நாளே குமிழி விடும். அதில் அரைக் கோப்பையை வடித்து ஆறிய இஞ்சித் தண்ணீரில் சேர்த்தால் ஈஸ்ட் தேவையில்லை. இங்கே நடக்கிற பிழைகள் மூன்று: தோலை உரித்துப் போடுவது, அவித்த இஞ்சியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது, குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவது. அம்பத்தலைச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகிற தண்ணீரில் குளோரின் உண்டு, நோய்க் கிருமியைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள், நாம் வளர்க்க நினைக்கிறதையும் அது விடாது. கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள். போத்தல் வாயைத் துணியால் கட்டி, ஒரு தட்டில் தண்ணீர் விட்டு அதன் நடுவே வையுங்கள், இல்லாவிட்டால் விடியும்போது எறும்புச் சம்பல்தான். மேலே பஞ்சு போலப் பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் கண்டால் அள்ளிவிட்டுப் பாவிக்கலாமா என்று யோசிக்காதீர்கள், முழுவதையும் ஊற்றிவிடுங்கள். அடியில் படிகிற வெள்ளைப் படிவுக்கு மட்டும் பயப்பட வேண்டியதில்லை, அது ஈஸ்ட்டும் இஞ்சி மாச்சத்தும்தான்.

ஈஸ்ட்டும் பக்டீரியாவும் சேர்ந்து வாழ்ந்தே இந்தப் பானத்தைச் செய்கின்றன என்று ஆராய்ந்து காட்டியவர் ஹரி மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயர். 1892இல் அவர் எழுதிய ஆய்வு இங்கிலாந்து வீடுகளில் இருந்த 'இஞ்சி பியர்ச் செடி' பற்றியது. செடி என்று பெயர், உண்மையில் அது கிருமிகளின் கட்டி. அதற்குப் பத்து வருடம் முன்பு, 1880 முதல் 1882 வரை, அதே மனிதர் இலங்கையில் இருந்தார், நமது கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய. கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை, தேயிலை வந்துவிட்டது. இஞ்சியோடு அவருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது.

அம்மம்மா இதற்கெல்லாம் கள்ளுத்தான் விடுவா, அப்பமாவுக்கு விடுவது போல. ஒரு தரம் நானும் முயன்றேன். கள்ளில் ஈஸ்ட்டோடு புளிக்க வைக்கிற கூட்டமே வந்து சேர்ந்துவிடுகிறது. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் இஞ்சி வினாகிரி தயார். அப்பத்துக்கு அது சரி.

ஒரு விடயம் பக்குவத்தைப் பற்றியதல்ல. எங்கள் மாடியில் நாலு வீடு, அதில் ஒன்று முஸ்லிம் குடும்பம், இன்னொன்றில் கைக்குழந்தைக்காரி. நத்தாருக்குத் தட்டுப் போகும்போது இஞ்சி பியரும் போகும் என்றால், இது நொதித்தது, இதில் சிறிதளவு மதுசாரம் இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கடைப் பானம் என்று நினைத்து வாங்கிக் குடித்துவிட்டால் பிழை நம்முடையது. அவர்களுக்கென்று நொதிக்க வைக்காத இஞ்சிச் சாறைத் தனியாக எடுத்து, சோடா கலந்து கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கும் அதுதான்.

நத்தாருக்கு என் கணக்கு இப்படி: 22ஆம் திகதி இரவு இஞ்சி அவித்து ஆறவிடுவேன். 23 காலை ஈஸ்ட் சேர்த்துப் போத்தலில். அன்றிரவிலிருந்து அமுக்கிப் பார்க்கத் தொடங்கினால், அநேகமாக 24 காலைக்குள் கல். உடனே ஃபிரிட்ஜ், ஒரு முழு நாள். குளிராத போத்தலைத் திறந்தால் பாதி கூரைக்குப் போகும், ஆகவே விருந்தினர் வந்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். சிங்குக்கு மேல் பிடித்து, மூடியைக் கால்வாசி திருப்பி, சீறல் அடங்கும்வரை நிறுத்தி, பிறகு இன்னும் கால்வாசி. கடைசி இரண்டு விரல் உயரத்தைக் கிளாஸில் ஊற்றாமல் விட்டுவிடுங்கள், படிவு கலங்கினால் ருசி கெடும். அந்தக் கலங்கலை நான் ஒரு சின்னப் போத்தலில் இறுக்காமல் மூடிக் குளிரில் வைப்பேன், தைப்பொங்கலுக்கு ஈஸ்ட் வாங்கத் தேவையில்லை.