பதற்றத்துக்குப் பயந்து நாம் செய்யும் தவறுகள்

நெரிசலான பேருந்தில் ஒருநாள் எனக்கு நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, மூச்சு முட்டியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கியதும் சரியாகிவிட்டது. இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டது. மறுநாள் ஷேர் ஆட்டோ. ஒரு மாதத்தில் அதுவும் முடியவில்லை. டாக்டர் ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறு இல்லை என்றார். முதல் தடவை நெஞ்சு வலித்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரிய தவறு அந்த இறங்கி ஓடுவதுதான். படபடப்பு உச்சத்துக்குப் போனாலும், பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே இறங்க ஆரம்பிக்கும். ஓடிவிட்டால் அதைப் பார்க்கவே வாய்ப்பில்லை. சிகிச்சையில் எனக்குப் படிப்படியாகத்தான் பழக்கினார்கள்: முதலில் நிறுத்தத்தில் சும்மா நிற்பது, அப்புறம் ஒரு நிறுத்தம் வரை பயணம், கடைசியில் காலை ஒன்பது மணிக் கூட்டம். இதிலும் ஒரு திருட்டுத்தனம் உண்டு. பையில் தண்ணீர் பாட்டிலும் மாத்திரை அட்டையும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால்தான் என் கால் படியேறும். அதுவும் ஓடுவதற்குச் சமம்தான். அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போன நாளிலிருந்துதான் உண்மையான முன்னேற்றம் தொடங்கியது.

‘மூச்சை நல்லா இழுத்து விடு’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். பதற்றத்தில் வேகவேகமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் மரத்துப்போய், தலை சுற்றும். பயம் இன்னும் ஏறும். நான்கு எண்ணும்வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். மனசு அமைதியாக இருக்கும்போதே தினமும் பழகியிருந்தால்தான் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும்.

தெரிந்தவர் கொடுத்தார் என்று, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரஸோலம் மாத்திரையில் பாதியைக்கூடத் தயவுசெய்து போடாதீர்கள். சீக்கிரம் நிம்மதி தரும், உண்மைதான்; நாளடைவில் உடம்பு அதற்கு அடிமையாகும். பல மாதம் போட்டுவிட்டுச் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் டாக்டர் எழுதித் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளில் நிலைமை தலைகீழ். அவை வேலை செய்யப் பல வாரம் ஆகும். பத்தே நாளில் ‘இது கேட்கவில்லை’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

கவுன்சலிங்கையும் இப்படித்தான் இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திவிடுகிறோம். சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை பொதுவாக வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு, பதினாறு அமர்வுகள் வரை போகும். அங்கே அறிவுரை கிடைக்காது, வீட்டுப்பாடம் கிடைக்கும்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், கடைசியில் என்ன ஆனது என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் போன வாரங்களில் நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.