பூசணியில் கையால் மகரந்தம் சேர்த்து வித்தெடுக்கும் முறை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையின் மணல் வளவுகளில், மாரி மழை ஓய்ந்து தை மாதத்தில் ஊன்றும் பூசணி நன்றாகக் கொடியோடிப் பூத்தும், பிஞ்சுகள் விரலளவில் மஞ்சளித்து உதிர்வதுண்டு. பலர் உடனே யூரியா இடுகின்றனர். ஆனால் பெரும்பாலும் குறை மகரந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. என் வளவில் கையால் மகரந்தம் சேர்க்கத் தொடங்கிய பின்னரே பிஞ்சுகள் உதிராமல் நின்றன.

முதலில் பூக்களைப் பிரித்தறியுங்கள். நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண்பூ. இதழ்களுக்குக் கீழே சிறு உருண்டைப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ. அந்த உருண்டையே சூலகம்.

அடுத்தது முந்தைய நாள் மாலை வேலை. முழு முயற்சியும் தங்கியிருப்பது இதில்தான். நாளை விரியவிருக்கும் அரும்பின் நுனி மஞ்சளாகி, இதழ்கள் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கும். பச்சை மாறாத அரும்பு நாளை விரியாது. ஆண், பெண் இரண்டிலும் அத்தகைய அரும்புகளைத் தேர்ந்து, நுனியை நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால், நீங்கள் எழுந்து வருவதற்குள் தேனீ வேறொரு கொடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால் இந்தக் காயின் சுவை மாறாது, ஆனால் அதன் வித்திலிருந்து வரும் அடுத்த தலைமுறை கலந்துபோகும்.

மறுநாள் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், ஆண்பூவின் இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் மகரந்தம் தாங்கி நிற்கும் கேசரத்தைப் பெண்பூவின் குறியில் (நடுவில் மகரந்தத்தை ஏற்கும் பகுதியில்) மெதுவாகத் தேயுங்கள். பூசணி மகரந்தம் ஒட்டும் தன்மையுள்ளது. தூரிகையின் மயிரில் பாதி தங்கிவிடும் என்பதால் நான் தூரிகையை விரும்புவதில்லை. குறியின் எல்லா மடல்களிலும் மகரந்தம் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகப் பருக்கும். பின்னர் பெண்பூவை மீண்டும் கட்டி, காம்பில் அடையாள நூல் இடுங்கள். மழை பெய்யும் காலையில் இதைச் செய்யவேண்டாம்; நனைந்த மகரந்தமணிகள் வெடித்துப் பயனற்றுப் போகும்.

குறியில் ஒட்டிய ஒவ்வொரு மணியும் ஒரு நுண்குழாயை முளைத்து, குறியையும் சூலகத்தையும் இணைக்கும் தம்பத்தின் வழியே, பின்னர் வித்தாகும் சூல்வித்தை நோக்கி அனுப்புகிறது. குழாயில் வரும் இரண்டு ஆண் புணரிகளில் (ஆண் இனக்கலங்களில்) ஒன்று முட்டையுடன் சேர்ந்து, இளஞ்செடியாக வளரும் முளையமாகிறது; மற்றது சூல்வித்தின் உள்ளேயுள்ள இரு முனைவுக் கருக்களுடன் சேர்ந்து, முளையத்துக்கு உணவூட்டும் வித்தகவிழையமாகிறது. ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின் 1898இல் லில்லிக் குடும்பச் செடிகளில் கண்டறிந்த இரட்டைக் கருக்கட்டல் இதுவே. ஒரு வித்துக்கு ஒரு மகரந்தமணி வேண்டும். ஒரு பூசணியிலோ நூற்றுக்கணக்கான வித்துகள். வளரும் வித்துகள் சுரக்கும் ஓமோன்களே பிஞ்சை உதிராமல் நிறுத்துகின்றன. போதிய வித்துக் கட்டாவிட்டால் கொடி அதை உதிர்த்துவிடும்.

காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத நிலையில் காயைப் பறித்து, மேலும் சில வாரங்கள் நிழலில் வைத்தபின் வித்தெடுங்கள். கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும்.

ஊன்றும்போது ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் ஆழம் கொடுங்கள். நீரை உறிஞ்சி வித்து ஊதியதும் முளைவேர் முதலில் வெளிவரும். அது தண்டோடு சேரும் இடத்தின் கீழ்ப்புறத்தில் கொக்கி போன்ற ஒரு சிறு புடைப்பு தோன்றி, வித்துறையின் கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொள்ள, தண்டு நிமிரும் விசையில் வித்திலைகள் உறையிலிருந்து உருவிக்கொண்டு மேலே வருகின்றன. வித்தகவிழையத்தின் உணவு முன்னரே வித்திலைகளுக்கு மாறியிருப்பதால், அவையே நாற்றின் முதல் உணவுக் களஞ்சியம்.

பின்சேர்க்கை: உறை கழலாமல் தலையில் மாட்டிய நாற்றுகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தனர். மேலோட்டமாக ஊன்றினால், உறையை அழுத்திப் பிடிக்க மண் இல்லாமையால் இவ்வாறு நேரும். கையால் பிய்த்தால் வித்திலை கிழியும். நீர் தெளித்து உறையை ஈரமாக வைத்திருங்கள், இளகியபின் தானே கழன்றுவிடும். வேறு சிலர் ஆண்பூக்கள் மட்டுமே பூப்பதாக எழுதினர். பூசணியில் அவை முந்திப் பூப்பதே இயல்பு. யூரியாவை நிறுத்திப் பொறுத்திருங்கள். கடையில் வாங்கிய கலப்பின வித்தின் கொடியாயின், அதிலிருந்து எடுக்கும் வித்து தாயைப் போல் காய்க்காது. ஆகவே நாட்டு வித்தையே தேடி ஊன்றுங்கள்.